சாமித்தம்பியின் பெயரில் இருந்த வட்டை

ஓர் ஓய்வூதியத் திட்டத்திலிருந்து இன்னொன்றுக்குச் சொத்துகளை மாற்றும் வேலை என்றைக்காவது உங்கள் மேசைக்கும் வரும். கணக்கு வேலையில் உங்களுக்கு நான் சொல்லித்தர எதுவும் இல்லை. அதை நீங்கள் என்னைவிட வேகமாகவே செய்வீர்கள். நான் சொல்லப்போவது, எல்லாக் கணக்கும் முடிந்து, எல்லோரும் ஒப்புக்கொண்டு, ஒரேயொரு கையெழுத்து மட்டும் மிச்சமிருந்த ஒரு வேலையைப் பற்றி. அந்தக் கையெழுத்தை வாங்கிவர அனுப்பப்பட்டவள் நான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் கம்பனிக்கு மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு நெல் ஆலையும் ஒரு தேங்காய் எண்ணெய் ஆலையும் இருந்தன. கந்தோர், அதாவது அலுவலகம், புளியந்தீவில். நான் தட்டெழுத்தாளராகச் சேர்ந்து, உத்தியோகத்தர்களின் ஓய்வூதியத் திட்டத்தைக் கவனிக்கும் பொறுப்புக்கு வந்திருந்தேன். கந்தோரில் பெண் என்று நான் ஒருத்திதான். முகாமையாளரிலிருந்து வாயிற்காவலர் வரை எல்லோருக்கும் நான் 'மிஸ்'.

அந்தத் திட்டம் கந்தோர் ஆட்களுக்கு மட்டுமே. ஆலையில் வேலை செய்தவர்களுக்குக் கம்பனி எதையும் வைத்திருக்கவில்லை. ஆகவே அவர்கள் தங்கள் தொழிற்சங்கத்துக்குள் தாங்களே ஒரு திட்டம் செய்துகொண்டார்கள். மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்கினார்கள். அது ஓரளவு திரண்டதும், படுவான்கரையில், அதாவது வாவிக்கு மேற்கே, ஒரு வட்டை முழுவதையும் வாங்கிவிட்டார்கள். வட்டை என்பது எங்கள் பக்கத்தில் ஒரே தொகுதியாகக் கிடக்கும் வயல்நிலம். அதன் விளைச்சல், வேலையை விட்டு விலகுகிறவர்களின் பிற்காலத்துக்கு. வங்கி, பங்குப் பத்திரம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த காலத்தில், அவர்கள் சேமிப்பு நெல்லாக விளைந்துகொண்டிருந்தது.

பிறகு ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமலாப நிதி பற்றிய சட்டங்கள் வந்தன. சங்கம் தன்பாட்டில் இப்படி ஒன்றை நடத்திக்கொண்டிருப்பது சிரமமாயிற்று. நீண்ட பேச்சுக்குப் பின் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. சங்கத்தின் வயல் கம்பனியின் திட்டத்துக்கு வரும். அதற்குப் பதிலாக ஆலைத் தொழிலாளர்கள் எல்லோரும் அந்தத் திட்டத்தில் உறுப்பினர் ஆவார்கள். சங்கத்தில் அவர்கள் சேமித்த வருடங்கள் அத்தனையும் சேவைக்காலமாகக் கணிக்கப்படும். மூட்டை சுமந்தவரும் பேனா பிடித்தவரும் ஒரே திட்டத்தில் சேர்வது அந்த நாளில் சின்ன விசயம் இல்லை. கொழும்பிலிருந்த கம்பனியின் பணிப்பாளர் சபைக்கு இதில் அரை மனம்தான். மாசி மாதக் கூட்டத்துக்குள் வயல் கைக்கு வரவேண்டும், வராவிட்டால் பேச்சு முடிந்தது என்று எழுதிவிட்டார்கள்.

தை மாத நடுவில் எங்கள் புரொக்டர் ஒரு விசயத்தோடு வந்தார். வழக்கறிஞர் வேலையோடு, பத்திரம் எழுதி உறுதிப்படுத்தும் நொத்தாரிசு வேலையும் பார்த்தவர் அவர். முகாமையாளரின் அறையில் நால்வர் இருந்தோம். முகாமையாளர், புரொக்டர், சங்கத் தலைவர் கணபதிப்பிள்ளை, நான்.

"காணி சங்கத்தின்ர பேரில இல்லை," என்றார் புரொக்டர். "சாமித்தம்பி எண்ட ஒரு தனி ஆளின்ர பேரில கிடக்குது."

கணபதிப்பிள்ளை எண்ணெய் ஆலையில் இளவயதிலிருந்து வேலை செய்தவர். அந்த வருடம் ஓய்வுபெற இருந்தார். சுமை தூக்கி அவருடைய வலது தோள் இறங்கிப்போயிருந்தது. எந்தச் சட்டை போட்டாலும் ஒரு பக்கம் சரிந்துதான் நிற்கும். அவருக்கு இது புதிய செய்தி இல்லை.

"அந்த நாளையில சங்கம் பதிவாகல்ல ஐயா," என்றார். "காணிக்காரன் சங்கத்துக்கு எழுத ஏலா, ஒரு ஆள்ர பேரச் சொல்லுங்க எண்டுத்தான். சாமித்தம்பி அண்ணன்ர பேரச் சொன்னம். புறகு மாத்துவம் எண்டு இருந்தம். மாத்தல்ல."

சாமித்தம்பி நெல் ஆலையில் கொதிகலன் பார்த்தவர். முந்தைய வருடம் காய்ச்சலில் இறந்துவிட்டார். மனைவி அவருக்கு முன்பே போய்விட்டார். ஒரே மகள், பெயர் பூரணம், மாங்கேணியில் ஒரு மீன்பிடிகாரரைக் கல்யாணம் செய்து அங்கேயே இருந்தார். அந்த வயல் பலருக்குமாக அவருடைய பெயரில் இருந்தது என்பதற்கு எழுத்தில் ஒரு வரிகூடக் கிடையாது.

"சட்டப்படி இப்ப அது மகளின்ர காணி," என்றார் புரொக்டர். "வழக்குப் போடலாம். வெல்லவும் கூடும். ஆனா முடியிறதுக்கிடையில உங்கட ஆக்களில பாதிப் பேர் உயிரோட இருக்கமாட்டாங்க."

முகாமையாளர்தான் வழி சொன்னார். பெண்ணிடம் ஒரு சம்மதப் பத்திரத்தில் ஒப்பம் வாங்கினால் போதும். அது ஆங்கிலத்தில் இருக்கும். தகப்பனாருடைய விசயமாக ஆலைக்கு ஒரு கையெழுத்து தேவைப்படுகிறது என்று சொன்னால் அவர் வைத்துவிடுவார். மிச்சத்தைப் புரொக்டர் பார்த்துக்கொள்வார்.

"மிஸ் போகட்டும்," என்றார். "ஒரு பொம்பிளை போய்க் கேட்டா அவ பயப்பிடமாட்டா."

"இது தன்ட காணி எண்டு அவவுக்குச் சொல்ல வேணாமா?" என்று கேட்டேன்.

முகாமையாளர் என்னைப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. தொழிலாளர்களுக்காகக் கொழும்போடு மாதக்கணக்கில் வாதாடியவர் அவர்தான். "அவவுக்குச் சொந்தமில்லாத ஒண்டை, உமக்குச் சொந்தம் எண்டு போய்ச் சொல்லி ஏன் ஆசை காட்டவேணும்?" என்றார்.

கணபதிப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "அது அவட காணி இல்ல மிஸ். எங்கட வேர்வை."

அது உண்மைதான். அந்த அறையில் யாரும் பொய் சொல்லவில்லை. நெருக்கடி என்றால் தீயவர்கள் ஒரு பக்கமும் நல்லவர்கள் ஒரு பக்கமும் நிற்பார்கள் என்று இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். என் அனுபவத்தில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. பத்திரத்தை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வாழைச்சேனை வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் எடுத்தேன். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒருவர் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருந்தார். அது வழிநெடுக என் சேலைத் தலைப்பைச் சப்பிக்கொண்டே வந்தது. எனக்கு அதை விலக்கவும் மனம் ஓடவில்லை. நான் யோசித்தது கணபதிப்பிள்ளையின் தோளைப் பற்றி. எண்ணெய் ஆலையின் கொப்பரைக் கொட்டிலில் வெட்டு வேலை செய்த பெண்களைப் பற்றி. அவர்களில் சிலர் என் அம்மாவின் வயதில் இருந்தார்கள். பேசாமல் கையெழுத்தை வாங்கி வந்தால் இவர்கள் எல்லோருக்கும் நல்லது நடக்கும். பூரணத்துக்கும், தெரியாத ஒன்றை இழந்ததால் வலி இருக்காது. இப்படி எத்தனை விதமாக யோசித்தாலும் நியாயம் அந்தப் பத்திரத்தின் பக்கமே நின்றது.

மாங்கேணியில் கடற்கரையை ஒட்டி, தென்னைகளுக்கு நடுவே அவர்களுடைய வீடு. பூரணம் முற்றத்தில் தென்னோலைக் கிடுகு பின்னிக்கொண்டிருந்தார். முப்பது வயதைக் கடந்தவர், என்னைவிடச் சற்று மூத்தவராக இருக்கலாம். சற்றுத் தள்ளி அவருடைய கணவர் மயில்வாகனம் யாரோ ஒருவருடைய கிழிந்த வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்தார். அந்த மாரியில் அவர்களுடைய தோணி கடலடித்து உடைந்துபோய்விட்டது. அதன் பலகைகள் வேலியோரம் அடுக்கிக் கிடந்தன.

அப்பா வேலை செய்த ஆலையிலிருந்து வருகிறேன் என்றதும் பூரணத்தின் முகம் மலர்ந்துவிட்டது. பாய் விரித்தார். இளநீர் வெட்டச் சொன்னார். நான் மறுத்தும் கேட்கவில்லை.

"அப்பாட செத்தவீட்டுக்கு மில்லாக்கள் எல்லாரும் வந்தாங்க," என்றார். "பெட்டிய அவங்கதான் தூக்கினாங்க. என்ன விசயமா வந்தீங்க மிஸ்?"

"அப்பாட விசயமா ஒரு ஒப்பம் தேவைப்படுது," என்றேன். பத்திரத்தை எடுத்து நீட்டினேன்.

அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டார். "எங்க வைக்கணும்?"

இந்த இடத்தில்தான் நான் உங்களை நிறுத்திவைக்க விரும்புகிறேன். முகாமையாளர் அறையில் எனக்குப் பதில் தெரியவில்லை. ரயிலிலும் தெரியவில்லை. அந்தப் பெண் பேனாவைப் பிடித்துக்கொண்டு, வைக்கவேண்டிய இடத்தை நான் காட்டுவேன் என்று என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் கை பத்திரத்தின் மேல் விழுந்து அதை மூடிக்கொண்டது.

"பொறுங்க," என்றேன். "இது என்ன எண்டு சொல்லாம வைக்க வேணாம்."

சொன்னேன். படுவான்கரையில் அவருடைய அப்பாவின் பெயரில் ஒரு வட்டை இருக்கிறது, அதைத் தொழிலாளர்கள் சேர்ந்து வாங்கினார்கள், ஆனால் எழுத்தில் அதற்கு அத்தாட்சி இல்லை, ஆகவே சட்டப்படி இன்று அது அவருடையது, இந்தத் தாளில் ஒப்பம் வைத்தால் அது அவரை விட்டுப் போய்விடும். எல்லாவற்றையும் சொன்னேன். மயில்வாகனம் வலையைக் கீழே வைத்துவிட்டு எங்கள் பக்கம் வந்து குந்தினார்.

பூரணம் பேனாவைப் பாயில் வைத்தார். "நான் ஏலா எண்டா?"

"உங்கள ஒருத்தரும் கட்டாயப்படுத்த ஏலா. அவங்க வழக்குப் போடலாம். அது சரியான காலம் எடுக்கும்."

"அதுக்குள்ள அந்த ஆக்கள்?"

"வயசாகி விலகிற ஆக்கள் வெறுங்கையோட போவாங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க எந்தப் பக்கம் மிஸ்?"

"நான் அந்தப் பக்கத்தால வந்தவள்தான். உங்கட ஒப்பத்த வாங்கி வரச்சொல்லித்தான் என்ன அனுப்பினாங்க."

"அப்ப ஏன் இதெல்லாம் சொல்லுறீங்க?"

"எனக்கு வேற மாதிரிக் கேக்கத் தெரியல்ல," என்றேன். அதைவிட நல்ல பதில் எனக்கு இன்றைக்கும் கிடைக்கவில்லை.

மயில்வாகனம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பூரணம் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு அவர், "இண்டைக்கு நான் ஒப்பம் வைக்கமாட்டன்," என்றார். "அந்தக் காணிய நான் ஒருநாளும் கண்டதில்ல. முதல்ல அதப் பாக்கணும்."

வெறுங்கையோடு நான் திரும்பி வந்தேன். கணபதிப்பிள்ளை ஆலை வாசலில் காத்திருந்தார். நடந்ததைச் சொன்னதும் அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தணிந்த குரலில், "எங்கட ஆக்கள்ர சோத்த வச்சா மிஸ் நீங்க நேர்மை காட்டிப் போட்டீங்க?" என்று கேட்டார். "உங்கட பென்சன் உங்களுக்கு இரிக்கு. எங்களுக்கு?"

முகாமையாளர் இன்னும் சுருக்கமாக முடித்தார். காரியம் கெட்டால் நானே விலகல் கடிதத்தைத் தட்டெழுதிக் கொண்டுவரவேண்டும்.

அடுத்து வந்த நாட்களை நான் மறக்கமாட்டேன். ஆலைக்குள் செய்தி பரவியிருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. 'மிஸ்' என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். கொப்பரைக் கொட்டிலைக் கடந்து போனால் பெண்கள் வேலையை விட்டுத் தலை நிமிர்த்துவதில்லை. நான் தேவாலயத்தில் பூசைக்குப் போனேன். மன்றாடக்கூட எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் சம்மதிக்கவேண்டும் என்றா, அவருக்கு நல்லது நடக்கவேண்டும் என்றா, எதைக் கேட்பது? அவர்களுடைய உடைந்த தோணியை நான் என் கண்ணால் பார்த்திருந்தேனே.

மாசி பிறப்பதற்கு முன் ஒரு காலையில் பூரணமும் மயில்வாகனமும் கந்தோர் வாசலில் வந்து நின்றார்கள். வட்டையைக் காட்டச் சொன்னார்கள். இடம் தெரிந்தவர் கணபதிப்பிள்ளைதான். நாங்கள் நால்வரும் தோணியில் வாவியைக் கடந்தோம்.

அக்கரையிலிருந்து மாட்டுவண்டியில் வெகுதூரம் போய், பிறகு வரப்பில் நடந்தோம். ஒரு மரக்கூட்டத்தைக் கடந்ததும் வட்டை எங்கள் முன்னால் விரிந்தது.

மாதக்கணக்காக அந்தச் சொத்தின் பெயரை நான் தட்டெழுதியிருக்கிறேன். அதன் எல்லைகள் எனக்குப் பாடம். ஆனால் நான் எதை எழுதிக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கதிர் வந்த வெள்ளாமை, பார்வை எட்டிய மட்டும். காற்று வந்தபோது அது ஒரு கரையில் தொடங்கி மறு கரைவரை ஒரே மூச்சாகச் சாய்ந்து எழுந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம். கொக்குகள் எழும்பி, வளைந்து, திரும்ப இறங்கின. ஆலையில் கரி படிந்த கைகளும், எண்ணெய் ஊறிய கைகளும், கொப்பரை வெட்டிக் காய்த்த கைகளும் மாதம் மாதம் கொஞ்சமாக எடுத்துக் கொடுத்தது இதோ இவ்வளவு பெரிதாக, உயிரோடு நிற்கிறது. கோயிலுக்குள் வந்துவிட்டவளைப் போல நான் சேலைத் தலைப்பைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது.

வயலைப் பார்த்துக்கொண்ட மனிதர் எங்களைக் கண்டு காவல் குடிசையான வாடியிலிருந்து இறங்கி வந்தார். பூரணத்தின் முகத்தைப் பார்த்தவுடனே, "சாமித்தம்பி அண்ணன்ர மகளா?" என்றார்.

"ஓம்."

"அப்பாட சாடை அப்படியே இரிக்கு. அவர் ஒவ்வொரு வெட்டுக்கும் இஞ்ச வருவார் புள்ள. இந்த வாடியிலதான் படுப்பார். நாங்க அறுத்த புதிரிசி ஒரு சுண்டு அளந்து கட்டிக் குடுத்தாலும் வாங்கமாட்டார். நானும் எத்தினயோ தரம் கேட்டுப் பாத்தித்தன்."

பூரணம் வரப்பில் கொஞ்சத் தூரம் தனியாக நடந்து போனார். கதிர்களைக் கையால் தடவிக்கொண்டே போனார். திரும்பி வந்தபோது அவருடைய கண்கள் வயலில்தான் இருந்தன. அவர் பேசியது எங்களோடா, தன்னோடா என்று சொல்ல முடியாது.

"கலியாணம் முடிச்ச புதிசில ஒரு மாரி. கடலுக்குப் போக ஏலா. வீட்டுல ஒரு அரிசி இல்ல. வயித்துல புள்ளையும். அப்பாட்ட ஆள் அனுப்பினன், கொஞ்சம் நெல் அனுப்புங்க எண்டு. அவர் தன்ட கைமோதிரத்த வித்து அரிசி வாங்கித்து வந்தார். நான் கேட்டன், ஏன் அப்பா, உங்களுக்குப் படுவான்கரையில காணி இரிக்கு எண்டு ஆரோ சொன்னாங்களே எண்டு. 'எனக்குக் காணி ஒண்டும் இல்ல மகள்' எண்டார்."

அவர் நெற்கதிர் ஒன்றை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார்.

"இவ்வளவும் இரிந்திருக்கு. அவர்ர பேர்ல. அவர் சொன்னதும் பொய்யில்ல."

நான் வாழ்க்கையில் பல பெரிய சொத்துகளின் பத்திரங்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றைக் காத்தவர்களையும் தின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். தன் பெயரில் ஒரு வட்டையே கிடக்க, பிள்ளைத்தாய்ச்சி மகளுக்கு அரிசி வாங்கக் கைமோதிரத்தைக் கழற்றிய ஒரு கொதிகலன்காரரைப் போல ஒரு பாதுகாவலரை நான் அதற்கு முன்பும் காணவில்லை, பின்பும் காணவில்லை. அவரை நான் ஆலையில் எத்தனையோ தடவை கடந்து போயிருப்பேன். முகம்கூடச் சரியாக நினைவில் இல்லை.

பூரணம் கணபதிப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். "மாமா, ஏன் அப்பாட பேர்ல எழுதினீங்க? நீங்கதானே தலைவர்."

கணபதிப்பிள்ளை இறங்கிய தோளைத் தடவிக்கொண்டார். "உண்மையச் சொல்லுறன் மகள். தன்ட பேர்ல எழுதணும் எண்டு மூண்டு பேர் போட்டிக்கு நிண்டம். நானும் ஒருத்தன். ஆளுக்காள் நம்பிக்கையில்ல. உங்கட அப்பா போட்டிக்கு வரல்ல. எல்லாரும் சரி எண்டு சொன்னது அவருக்கு மட்டும்தான்." பிறகு, "அவர்ர மகள்ட்ட நாங்க ஒளிச்சு ஒப்பம் வாங்கப் பாத்தம். அதுக்கு நானும் உடந்தை. இந்த மிஸ் நிப்பாட்டாட்டி வாங்கியிருப்பம்," என்றார்.

மயில்வாகனம் அதுவரை வரப்பு விளிம்பில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது மனைவியின் அருகே வந்து மெதுவாகச் சொன்னார். "எல்லாம் வேணாம். ஒரு மூலையில ஒரு சின்னத் துண்டு. ஒரு தோணிக்குக் காணும். இவங்களும் மறுக்கமாட்டாங்க."

மறுத்திருக்கமாட்டோம். கணபதிப்பிள்ளை அந்த இடத்திலேயே தலையசைத்தார். நானும் அது நியாயமான கேள்வி என்றுதான் நினைத்தேன்.

பூரணம் கணவரைக் கோபிக்கவில்லை. "அப்பா ஒரு சுண்டு அரிசி எடுக்கல்ல," என்றார். "நான் எந்த மூலைய எடுக்கிற?"

மயில்வாகனம் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. திரும்பி வரும்போது தோணியின் முன்பக்கத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவரை நினைத்து எனக்கு மனம் கனத்தது. இழப்பு என்றால் அது அவருக்கும் சேர்த்துத்தான். அவருக்கு அந்தத் தகப்பனின் இரத்தமும் இல்லை.

மேலே போவதற்கு முன், பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சபை தன் வாக்கைக் காப்பாற்றியது. வட்டை கம்பனித் திட்டத்துக்கு வந்தது. ஆலைத் தொழிலாளர்கள் அதில் உறுப்பினரானார்கள். கணபதிப்பிள்ளை அந்த வருட முடிவில் ஓய்வுபெற்று, கல்லடியில் மகனோடு நெடுங்காலம் வாழ்ந்தார். முகாமையாளர் என் விலகல் கடிதத்தைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. ஒருநாள் ஏதோ ஒரு கோப்பை என் மேசையில் வைத்துவிட்டு, "உம்மை அனுப்பினது பிழையில்லை," என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

உண்மையைச் சொன்னால் எல்லாம் நல்லபடி முடியும் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். பூரணம் 'ஏலா' என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல அவருக்கு முழு உரிமையும் இருந்தது. சொல்லியிருந்தால், என்னால் வயிறு காய்ந்தவர்களின் முகங்களை நான் அந்த ஊரில் தினமும் பார்த்திருக்கவேண்டும். அதற்கும் தயாராக இருந்துதான் அந்தப் பத்திரத்தை மூடியிருக்கவேண்டும். நான் தயாராக இருந்தேனா என்று எனக்கே தெரியாது. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒருவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு எங்கே வைக்கவேண்டும் என்று கேட்கும்போது, அவர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பது அவருக்குத் தெரியுமா என்று பாருங்கள். தெரியாது என்றால், உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கையை எடுத்து அந்தத் தாளின் மேல் வையுங்கள்.

ஒப்பம் வைத்த நாள் இப்படி நடந்தது.

ஆங்கிலப் பத்திரம் வேண்டாம், தனக்கு வாசிக்கக்கூடிய தமிழில் எழுதவேண்டும் என்று பூரணம் கேட்டிருந்தார். புரொக்டர் எழுதி வைத்திருந்தார். புளியந்தீவில் அவருடைய அறை சிறியது. வெளியே வீதியில் ஆலைத் தொழிலாளர்கள் வந்து நின்றார்கள். யாரும் அழைக்கவில்லை. அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, தோய்த்த சட்டையும் சேலையுமாக வந்து, சத்தமில்லாமல் மதிலோரம் நின்றார்கள். கொப்பரைக் கொட்டில் பெண்களும் அதில் இருந்தார்கள்.

புரொக்டர் காணி உறுதிப் பத்திரத்தை உரக்க வாசித்தார். அவர் முடித்ததும் பூரணம் அதை வாங்கி, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து, உதடு அசையத் தானும் வாசித்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சக் காலம் படித்தவர். நிதானமாகத்தான் வாசிக்க முடிந்தது. தந்தையின் பெயர் வந்த இடத்தில் விரல் சற்று நேரம் நின்றது. எவரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

புரொக்டர் வழமையாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார். எத்தனையோ பேரிடம் நிமிர்ந்தும் பார்க்காமல் கேட்டிருப்பார். "விளங்கித்தானே ஒப்பம் வைக்கிறீங்க? ஒருத்தரும் வற்புறுத்தேல்லைத்தானே?"

பூரணம் அவரை நேராகப் பார்த்தார்.

"விளங்கித்தான் வைக்கிறன் ஐயா. அண்டைக்கு மாங்கேணியில விளங்காம வச்சிருந்தா, அது நீங்க எடுத்தது. இப்ப நான் குடுக்கிறன்."

புரொக்டர் தலையைக் குனிந்துகொண்டார். பேனாவை இரண்டு கையாலும் எடுத்து அவரிடம் நீட்டினார். நான் அவரோடு பல வருடம் வேலை செய்தேன். வேறு யாருக்கும் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

பூரணம் தன் பெயரை முழுதாக எழுதினார். சாட்சிகளில் ஒருவராக, புரொக்டரிடம் எழுத்துவேலை பார்த்த லிகிதர் ஒப்பமிட்டார். "மற்றச் சாட்சி ஆர்?" என்று புரொக்டர் வாசல் பக்கம் பார்த்தார். நான் எழுந்திருக்கப் போனேன்.

அதற்குள் மூலையில் நின்ற மயில்வாகனம் வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வயலிலிருந்து திரும்பிய நாளுக்குப் பிறகு அவர் வாய் திறந்து நான் கேட்டது அப்போதுதான்.

"நான் வைக்கிறன்," என்றார். "நான் பக்கத்தில நிண்டு கண்டன்தானே."